மிராசுதாரின் நான்கு எழுத்து

எங்கள் கல்லூரிக்கு உளவியல் நடத்த வந்தவரை முதல் வாரத்திலேயே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அவர் மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். ஆள் தனக்குள் ஒடுங்குபவரா கூட்டத்தில் கலப்பவரா, அறிவால் முடிவெடுப்பவரா மனத்தால் முடிவெடுப்பவரா என்று நான்கு கேள்விகள் கேட்பார். ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. நான்கு எழுத்து சேர்ந்துவிட்டால் அந்த ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி எதுவும் இல்லை.

ஆசிரியர் அறையில் டீ வந்ததும் ஆரம்பித்துவிடுவார். முதலமைச்சர் இன்ன வகை, எதிர்க்கட்சித் தலைவர் இன்ன வகை, நடிகர் இன்ன வகை.

“படத்துல அவர் பேசுறது இன்னொருத்தர் எழுதின வசனம். அத வச்சு எப்படி சார் சொல்றீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பேட்டி இருக்கு சார், மேடைப் பேச்சு இருக்கு. பிரபலமானவங்களப் பத்தித்தான் நெறையத் தகவல் கிடைக்கும்.”

“கிடைக்கும். எல்லாம் அவங்களே கொடுத்த தகவல்.”

அவர் சிரித்துக்கொண்டே தம்ளரைக் கழுவப் போனார். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவில்லை.

அந்த வருடம் கல்லூரிக்கு ஒரு புதிய அரங்கம் கிடைத்தது. கட்டிக்கொடுத்தவர் என் ஊர் மிராசுதாரின் மகன். அரங்கத்துக்குச் செத்துப்போன தகப்பன் பெயர். திறப்பு விழாவில் அந்தத் தகப்பனின் ஆளுமையைப் பற்றி உளவியல்காரர் பேசுவதாக ஏற்பாடு.

அந்த மிராசுதாரை ‘அவர்’ என்று எழுத எனக்கு இன்னும் கை வருவதில்லை. பழைய கட்சி ஆண்டபோது அதில் இருந்தான். ஆட்சி மாறியதும் கரைபோட்ட துண்டுக்கு மாறினான். உழுகிறவனுக்கு உரிமை வேண்டும் என்று மாயவரம் மேடைகளில் அவன் பேசிய பேச்சுகளுக்குக் கூட்டம் சேரும். அவன் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்களில் என் அப்பாவும் ஒருவர். குத்தகைதாரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது, அப்பா தாசில்தாரிடம் மனுக் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் வயலுக்கு மதகு திறக்கவில்லை. ஏற்றம் இறைத்து, மழையையும் நம்பி, அப்பா சம்பாவைக் கதிர் வரைக்கும் கொண்டுவந்தார். அப்போது பண்ணை மாடுகளை உள்ளே ஓட்டிவிட்டார்கள்.

அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு வந்திருந்தேன். மிராசுதார் வீட்டுக்கு அப்பாவோடு நானும் போனேன். நாங்கள் கொல்லைப்பக்கம்தான் போக வேண்டும். மிராசுதார் கோபமே இல்லாமல் வெளியே வந்தான்.

“என்னடா, வெயில்ல வந்திருக்க. மோர் குடிச்சிட்டுப் போ.”

“மாடு பயிருல நிக்குதுங்க,” என்றார் அப்பா.

“மாடுதானே. யாரு நெலம்னு அதுக்கென்ன தெரியும்.”

ஆளைக் கூப்பிட்டு மோர் கொண்டுவரச் சொன்னான். அப்பா குனிந்து கையை ஏந்தினார். மேலேயிருந்து ஊற்றினார்கள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அப்பா குடித்து முடிக்கும்வரை அவன் அன்பாகப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நிலம் அவனுடைய சொந்தச் சாகுபடி என்று பதிவாயிற்று. அப்பா பூதலூர் பக்கம் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனார். சாகும்வரை தூக்கினார்.

விழாவுக்காக மிராசுதாரின் மேடைப் பேச்சுகளைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த உளவியல்காரரிடம் முன்பே நான் சொன்னேன்.

“அந்தப் பேச்செல்லாம் ஊர்ல ஒரு தமிழ் வாத்தியார் எழுதிக்கொடுத்தது சார். மனப்பாடம் பண்ணிட்டுப் போவான். நீங்க வாத்தியாரைத்தான் ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கீங்க.”

அவர் குறிப்பேட்டை மூடி வைத்தார். “நீங்க உணர்ச்சியால முடிவெடுக்கிற வகை சார். ஒருத்தர் மேல ஒரு எண்ணம் விழுந்துட்டா மாத்திக்க மாட்டீங்க. தப்பா சொல்லல, உங்க வகை அப்படி.”

அறைந்திருக்கலாம். அறைந்தால் அதற்கும் ஓர் எழுத்து வைத்திருப்பார் என்று திரும்பி வந்தேன்.

விழாவில் அவர் அழகாகவே பேசினார். அமரர் பிறரைப் பேணும் வகையைச் சேர்ந்தவராம். சான்றுகள் வரிசையாக வந்தன. அதில் ஒன்று, யார் வந்தாலும் மோர் கொடுக்காமல் அனுப்பமாட்டார் என்பது. முன்வரிசையில் மகன் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்றேன். அந்த மோரை எப்படிக் கொடுத்தார்கள், அந்த நேரத்தில் மாடுகள் எங்கே நின்றன என்று உட்காராமல் சொன்னேன். பாதியில் கல்லூரி முதல்வர் கையைக் காட்ட, நாகசுரக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்லி முடித்தேன். மாணவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மகன் என்னை யாரென்று பக்கத்து ஆளிடம் விசாரித்தார். அடுத்த நாள் முதல்வர் என்னிடம் விளக்கம் கேட்டார். நடந்ததைச் சொன்னேன், வருத்தம் தெரிவிக்கவில்லை. அந்த வருடம் எனக்கு வரவேண்டிய துறைத் தலைமை வேறொருவருக்குப் போயிற்று.

சில நாள் கழித்து உளவியல்காரர் என் மேசைக்கு வந்தார். முகத்தில் பகை இல்லை. உற்சாகம்தான் இருந்தது.

“சார், நீங்க அன்னிக்குச் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தேன். மிராசுதாருக்கு ஒரு எழுத்து மாறுது. மனத்தால முடிவெடுக்கிறவர் இல்ல, அறிவால முடிவெடுக்கிறவர். அந்தப் பேச்சைக் கட்டுரையா எழுதிட்டு இருக்கேன், அதுல திருத்திடுறேன். நல்ல தகவல் சார், நன்றி.”

என் அப்பாவின் வயல் அவருக்கு ஓர் எழுத்தைத் திருத்திக் கொடுத்திருக்கிறது. என் மேசையை விட்டுப் போகச் சொன்னேன். எதற்கு என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அதே அறையில்தான் இருவரும் டீ குடித்தோம். அவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குப் பார்த்தாலும் பேசமாட்டேன்.