தபாலில் வந்த அடையாள அட்டை

யுத்த காலத்தில், கொழும்பு காலி வீதி பஸ்ஸில் ஒருவன் என் பர்ஸை அடித்துவிட்டான். காசு போகட்டும், அடையாள அட்டையும் போய்விட்டது. பொலிஸில் முறைப்பாடு எழுதித் தந்த துண்டை எந்தச் சோதனைச் சாவடி நம்பும்? அட்டை இல்லாத தமிழன் பிடிபட்டால் மறியல், சிறைதான். இரண்டு நாள் வெள்ளவத்தை அறைக்குள்ளேயே கிடந்தேன்.

மூன்றாம் நாள் அட்டை தபாலில் வந்தது. கொழும்பு முடிச்சுமாறிகளுக்கு அப்படியொரு வழக்கம்: காசை எடுத்துக்கொண்டு அட்டையைத் தபால் பெட்டியில் போட்டுவிடுவார்கள்.

அடுத்த வாரம் ஒருவனைப் பிடித்து, அடையாளம் காட்ட என்னைப் பொலிஸுக்குக் கூப்பிட்டார்கள்.

“பழைய கள்ளன். நீங்க ஓம் எண்டு சொன்னா, இந்த முறை நீதவான் நினைச்சாலும் விட ஏலாது. கட்டாயம் மறியல்தான்,” என்றார் சார்ஜன்.

பஸ்ஸில் என்மேல் சாய்ந்து நின்ற அதே முகம்.

“இவர் இல்லை,” என்றேன்.

அந்த வருஷங்களில் என்னை மறியலுக்குப் போகாமல் காப்பாற்றியவன் அவன் ஒருவன்தான்.