ஊதாக் கதவு வீட்டுக்காரர்

டொராண்டோவின் கென்சிங்டன் மார்க்கெட்டில், என் சீஸ் கடைக்கு எதிர்வீட்டில் இருப்பவர் லோர்ன் ஹாஸ்கெட். ஒரு காலத்தில் கதவுக்கு ஊதா வண்ணம் அடித்துவிட்டு, கிழிந்த அங்கியோடு வாசற்படியில் உட்கார்ந்து அக்கார்டியன் வாசித்தார். அவர் செய்த தப்பு அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாகத் தினமும் பதினொரு மணிக்கு, வழிகாட்டிப் பெண் டாம்சின் சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுலாக் கூட்டத்தை நடத்திக்கொண்டு வருகிறாள். "நாப்பது வருஷமா இந்தத் தெருவ விட்டு நகராத மனுஷர்" என்பாள். கைதட்டுவார்கள். காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும் ஜன்னலைத் தட்டினார்கள். மாட்டேன் என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வராது.

போன மாதம் என்னிடம் மட்டும் சொன்னார்.

"வடக்க சட்பரி ஊர்ல தங்கச்சி எனக்கு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கா. அங்க யாருக்கும் என்னைத் தெரியாது. அது போதும்யா எனக்கு. வியாழக்கிழமை மத்தியான பஸ். வெளில சொல்லிடாத, தெருவே வந்து கையப் பிடிச்சுக்கும்."

வியாழன் காலை நாற்காலி, விளக்கு, அக்கார்டியன், அங்கி எல்லாவற்றையும் நடைபாதையில் வைத்து, 'எடுத்துக்கோங்க' என்று அட்டை எழுதி மாட்டினார். எங்கள் தெருவில் அப்படி வைத்தால் உடைந்த டோஸ்டர்கூடப் பத்து நிமிஷம் தங்காது. அன்று ஒருவரும் எடுக்கவில்லை. லோர்னின் சாமானாயிற்றே!

பேக்கரிக்கார இல்டா ஓடி வந்தாள். "பாவம், மனுஷனுக்கு ஏதோ குழம்பிடுச்சு. தூக்குங்கப்பா உள்ள" என்று நாலு பேரைக் கூப்பிட்டாள். அவர் கையிலிருந்த பயணப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு போனாள். "இருக்கட்டும்மா, பரவால்ல" என்று அவர் முனகியது யார் காதிலும் விழவில்லை. யாரோ அங்கியை அவருக்கு மாட்டிவிட்டார்கள். நாற்காலி மட்டும் வெளியே கிடந்தது.

அப்போது தெருமுனையில் சிவப்புக் குடை தெரிந்தது.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவரைப் பார்த்து முடித்த கூட்டம் நேராக என் கடைக்குத்தான் வரும். வெட்கக்கேடுதான், மறைக்கவில்லை. தெருவைக் கடந்து போய், நாற்காலியை என் கையாலேயே தூக்கி வாசலில் போட்டேன்.

லோர்ன் உட்கார்ந்தார். அக்கார்டியனை மடியில் வைத்தார்கள். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்குத் தெரியும்ல" என்றார்.

டாம்சின் வழக்கமான வரியைச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கடைக்குத் திரும்பி, கை கழுவிக்கொண்டு, சீஸ் நறுக்க ஆரம்பித்தேன்.