சோலி இல்லாத சவாரி

துறைமுக வாசலில் நிற்கும் அந்தக் குதிரைவண்டிக்காரர் நெட்டையானவர், காதில் கடுக்கன். எங்கே போகவேண்டும் என்று கேட்கமாட்டார். "என்ன சோலி?" என்றுதான் கேட்பார். சோலியைச் சொன்னால் இடத்தை அவரே முடிவுசெய்துவிடுவார்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் கப்பல் எஞ்சினியர் துரை ஒருவர் அவர் வண்டியில் ஏறினார். ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த என்னை வண்டிக்காரர் கைதட்டிக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, துரை என்னமோ சைட்-சீ பண்ணணுங்காரு. அது என்ன சோலி?"

"சோலியே கெடையாது. ஊரைச் சுத்தி வேடிக்கை பாக்கணுமாம்."

"வண்டி வச்சா?"

"வண்டி வச்சுத்தான். அதுக்குன்னே இங்கிலீஷ்ல ஒரு சொல்லு இருக்கு."

அவர் முகம் மாறியது. "எங்க வீட்டுக்காரி கலியாணம் ஆனதுலேருந்து கப்பல் பாக்கணுங்கா, அண்ணாச்சி. அங்கன உனக்கு என்ன சோலின்னு வாயை அடச்சிட்டேனே!"

ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த வண்டி கடற்கரைச் சாலையில் வந்தது. உள்ளே அவர் மனைவி பட்டுச்சேலை கட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். துறைமுக வாசல் வந்ததும், ஆள் இறங்கட்டும் என்று குதிரை வழக்கப்படி நின்றுவிட்டது.

"ஏலே, நான் எறங்கல, நீ போ!" என்று அந்த அம்மாள் குதிரையை அதட்டினார்.

வண்டிக்காரர் கடிவாளத்தை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தார். அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.