டூஃபியம்மா கொடுத்த தண்ணீர்

எங்கள் குமாசி நகரத்தின் குழாய்த் தண்ணீரை வெளியூரிலிருந்து வருபவர்கள் குடிக்கலாமா என்ற சந்தேகம் உங்களுக்கு இருந்தால், அதை டூஃபியம்மாவிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் வாயால் பதில் சொல்ல மாட்டார். ஒரு பெரிய கண்ணாடி டம்ளர் நிறைய மொண்டு வந்து நீட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்து எதிரே நிற்பார். குடித்து முடிக்கும்வரை நகர மாட்டார்.

அவர் வீட்டு முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கும் பலரில் நானும் ஒருத்தி. துணி தைப்பவள். டூஃபியம்மாவுக்குச் சந்தையில் கருவாட்டுக் கடை. அந்தத் தெருவிலேயே முதலில் குழாய் வந்த வீடு இது. அவர் கணவர் அலுவலகம் அலுவலகமாக அலைந்து, தானே மண்வெட்டி பிடித்துப் பள்ளம் தோண்டிக் கொண்டுவந்த குழாய். மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். குழாயைக் குறை சொன்னால் அவரைக் குறை சொன்ன மாதிரி. சின்னப் பிளாஸ்டிக் பையில் அடைத்து விற்கும் தண்ணீரை வாங்கிவரும் குடித்தனக்காரர்களை டூஃபியம்மா சும்மா விட்டதில்லை. "மூலையைப் பல்லால கடிச்சு உறிஞ்சுறதெல்லாம் ஒரு தண்ணியாடி? ஆட்டுக்குட்டிகூட அதைவிட மரியாதையாக் குடிக்கும்."

குழாயில் என்னவோ நல்ல தண்ணீர்தான் வருகிறது. வரும்போது. வராத நாட்களுக்கு முற்றத்தில் ஒரு நீலப் பீப்பாய் நிற்கும். அதைக் கடைசியாகக் கழுவியது யார் என்று கேட்டால் இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசர வேலை வந்துவிடும். அதற்கு மூடி ஒன்று இருந்தது. அதன்மேல் இப்போது நான் இஸ்திரிப் பெட்டி வைக்கிறேன்.

டூஃபியம்மாவின் ஒரே மகள் செர்வாவைப் பெண் கேட்டு, வெளிநாட்டில் ஹம்பர்க்கில் இருக்கும் போன்சு வந்தான். பெண்ணும் பையனும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். இருந்தாலும் பெரியவர்கள் வந்து கதவைத் தட்டித்தானே ஆகவேண்டும். பெண் கேட்க வருபவர்கள் வழக்கமாகக் கொண்டுவரும் ஜின் புட்டிகளோடு அவன் மாமா ஓபோக்கு முன்னால் வந்தார். பின்னால் போன்சு, கையில் ஒரு பாட்டில் தண்ணீர். செர்வா அதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

வந்தவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவர்கள் வாய் நனைத்த பிறகுதான் வந்த சேதியைக் கேட்பது எங்கள் வழக்கம். தண்ணீர் உள்ளே போகாமல் சேதி வெளியே வராது. அன்று பார்த்துக் குழாயில் காற்றுதான் வந்தது. டூஃபியம்மா அசரவில்லை. பீப்பாயில் மொண்டார், தட்டில் டம்ளர்களை அடுக்கினார், நிமிர்ந்து நடந்து வந்தார். பெரியவர்கள் ஆளுக்கு ஒரு மிடறு குடித்துவிட்டுக் கீழே வைத்தார்கள். போன்சு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"அத்தை, தப்பா நினைக்காதீங்க. இது குழாய்த் தண்ணியா?"

"பின்ன, உங்க ஊரு ஆத்துலயா போய் மொண்டுட்டு வந்தேன்? குழாய்த் தண்ணிதான் தம்பி."

பொய்யில்லை. போன வாரம் குழாயில் வந்ததுதான்.

"எனக்கு இப்பல்லாம் வயிறு ஒத்துக்கறதில்ல அத்தை. கையில பாட்டில் இருக்கு, அதையே குடிச்சுக்கவா?"

டூஃபியம்மா சேதி கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். ஓபோக்கு மாமா தொண்டையைக் கனைத்தார். "எங்க பையன் குடிக்கத் தகுந்த தண்ணி இந்த வீட்டுல இல்லன்னா, பொண்ணு மட்டும் எப்படியிருக்குமோ?" அவர் போன்சுவுக்கு ஊரில் வேறொரு பெண் பார்த்து வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். செர்வாவின் கண் நிறைந்துவிட்டது.

டூஃபியம்மா எழுந்தார். போன்சுவின் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி மடமடவென்று குடித்தார். போதாதென்று இன்னொன்று மொண்டு வந்து அதையும் குடித்தார். மூன்றாவதை அவனிடம் நீட்டினார். அவன் செர்வாவைப் பார்த்தான், டம்ளரை உதட்டில் வைத்தான், வாயைத் துடைத்துக்கொண்டான். தொண்டை அசையவில்லை என்பதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். சேதி கேட்கப்பட்டது, ஜின் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கல்யாணத் தேதி மட்டும் பிறகு என்றார் ஓபோக்கு.

இரண்டு நாளில் செர்வாவும் நானும் டூஃபியம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்தே பாதி உடம்பு போயிருந்தது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நலம் விசாரிக்கப் போன்சுவோடு ஓபோக்குவும் வந்திருந்தார். அத்தனை அக்கறை ஓபோக்குவுக்கு என்றும் இருந்ததில்லை.

டாக்டர் கேட்டார். "அம்மா, ரெண்டு மூணு நாளுக்குள்ள வெளியில ஏதாவது தண்ணி குடிச்சீங்களா?"

ஓபோக்கு கட்டிலை நெருங்கினார். சம்பந்தி வீட்டாருக்குக் கெட்ட தண்ணீர் கொடுத்த வீடு என்று பெயர் விழுந்தால் கல்யாணம் அங்கேயே நின்றுவிடும். டூஃபியம்மா மகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு துணிந்து சொன்னார். "மாப்பிள்ளை ஒரு பாட்டில் தண்ணி குடுத்தாரு. அதைத்தான் குடிச்சேன்."

அவன் அப்படிக் கொடுத்ததை நான் காணவில்லை. அவன் கொடுத்திருந்தால் அதை அவன் தலையிலேயே கொட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் போன்சுவைத் திரும்பிப் பார்த்தோம்.

அவன் தலையைக் குனிந்தான். "ஆமா டாக்டர். என் தப்புதான். கார்ல வெயில்ல கிடந்த பாட்டில். பார்க்காமக் குடுத்துட்டேன்."

ஓபோக்கு கட்டிலைவிட்டுப் பின்வாங்கினார். அவர் பையனே ஒப்புக்கொண்ட பிறகு அவர் என்ன செய்வார்.

"கேட்டுக்குங்க. பாட்டில் தண்ணிய நம்பாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் டூஃபியம்மா. குரலே எழவில்லை, ஆனாலும் விடவில்லை. சொல்லிக்கொண்டே ஊசி குத்தியிருந்த கையால் போன்சுவின் கையைப் பிடித்தார். ஊசி நழுவிவிடும், கையை எடுங்கள் என்று நர்ஸ் அதட்டினாள். அவர் எடுக்கவில்லை.