பாதிவரை பார்த்த படம்

ஒவ்வொரு வருடமும் மே மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து அந்த அறிவித்தல் எங்கள் கைபேசிகளுக்கு வந்துவிடும். ஜூன் மாதத்தில் அங்கே எங்களைப் போன்றவர்களுக்கென்று நிகழ்ச்சிகள் நடக்கும். ஓவியக் கண்காட்சி, நாடகம், கவிதை வாசிப்பு, திரைப்படம், கடற்கரையில் பட்டம் விடுதல் என்று நாள்வாரியாகப் போட்டிருப்பார்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு நாங்கள் அதை வரிவரியாக வாசிப்போம். யாரும் போனதில்லை. நான் பெண்களை நேசிக்கும் பெண். முப்பத்தைந்து வயதாகியும் கலியாணம் முடிக்காமல் பாலையூற்றில் அம்மாவோடு இருக்கிறேன். கொழும்புக்கு ஏன் போகிறாய், யாரோடு போகிறாய், எங்கே தங்குவாய் என்று அம்மா கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு பொய்யும் இருந்ததில்லை.

சென்ற வருடம் என் சிநேகிதிதான் கொழும்புக்காரருக்கு எழுதினாள். அவள் திருநங்கை. சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து மணப்பெண் அலங்காரம் செய்துவந்தாள். எங்களால் வர ஏலாது, நீங்கள் ஒன்றையாவது இங்கே கொண்டுவாருங்கள் என்று கேட்டாளாம். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அடுத்து வந்த அறிவித்தலில் கொழும்பு நிகழ்ச்சிகளுக்கு நடுவே எங்கள் ஊரின் பெயரும், திரைப்படக் காட்சி என்ற சொல்லும், ஒரு திகதியும் இருந்தன. இடம் போடவில்லை. நான் வேலை செய்யும் தனியார் மருத்துவ நிலையத்தின் வரவேற்பு மேசையில் இருந்துகொண்டு அதை வாசித்தேன். முன்னால் நோயாளிகள் நின்றார்கள். எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

எங்கள் சிறிய வட்ஸ்அப் குழுவில் கிண்ணியா என்ற ஊரிலிருந்து ஓர் அக்காவும் இருந்தார். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், கணவர் கட்டாரில். மாமியாரோடு இருந்தார். அவருடைய கைபேசியை மாமியார் எடுத்துப் பார்ப்பாராம். அதனால் தங்கையின் கைபேசியிலிருந்துதான் எப்போதாவது எழுதுவார். தன்னைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பள்ளிக்கூடக் காலத்தில் ஒருத்தி இருந்தாளாம், அவளுக்குக் கலியாணமான அன்று தனக்குக் காய்ச்சல் வந்ததாம், அந்தக் காய்ச்சல் இன்னும் விடவில்லையாம். படக்காட்சி என்றதும் முதலில் கேட்டவர் அவர்தான், நானும் வரலாமா என்று. எங்கள் நிலையத்துக் கண் வைத்தியரிடம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருவதென்று முடிவாயிற்று. பஸ் ஏறிவிட்டால் பிறகு அவரோடு கதைக்க வழியில்லை. தங்கையின் கைபேசி தங்கையிடம்தான் இருக்கும்.

உட்துறைமுக வீதியில் ஒரு மண்டபத்தின் மேல்மாடியை எடுத்திருந்தோம். பெண்களுக்கான சுயதொழில் வகுப்பு என்று சொல்லியிருந்தோம். அன்று காலை, படத்தை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் வந்திறங்கிய கொழும்புப் பெண்ணைச் சிநேகிதி நிலையத்தில் சந்தித்து அழைத்துவந்துகொண்டிருந்தபோது மண்டபக்காரர் எனக்கு அழைப்பு எடுத்தார். யாரோ அவருக்கு அந்த அறிவித்தலைக் காட்டியிருந்தார்கள், திகதியை வைத்து அவர் விளங்கிக்கொண்டார். அவர் ஏசவில்லை.

"நீங்கள் நல்ல குடும்பத்துப் பிள்ளை, தங்கச்சி. உங்களுக்கேன் இந்த வேலை?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரு ஓட்டோவில் ஏறி இடம் தேடிப் புறப்பட்டோம். உப்புவெளியில் ஒரு விடுதிக்காரர் சம்மதித்தார், ஆனால் வருகிற எல்லோருடைய அடையாள அட்டையும் வேண்டும் என்றார். பொலிஸ் கேட்டால் காட்ட வேண்டுமாம். எங்கள் ஆட்களில் யார் அட்டையைக் கொடுப்பார்கள்? பாலையூற்றுப் பக்கத்தில் ஒரு டியூசன் கொட்டில் இருந்தது. அதன் ஆசிரியர் ஓம் என்று சொல்லிக் கதவுத் திறப்பையும் என் கையில் தந்துவிட்டார். பிறகு ஓட்டோவிலிருந்து சிநேகிதி இறங்குவதைக் கண்டார். அவளுடைய முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். திறப்பை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். சிநேகிதி மறுபடி ஓட்டோவில் ஏறி இருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காட்சியை நிறுத்திவிடலாம் என்று கொழும்புப் பெண் மெதுவாகச் சொன்னாள். என்னால் அதைக் கேட்க முடியவில்லை. கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது, அதில் ஒரு மனுசி இருந்தார், அவருக்கு இன்னொரு கண் வைத்தியர் கிடைக்கமாட்டார்.

"என்ர அறையில வைப்பம்," என்றாள் சிநேகிதி. "போனாப் போகட்டும்."

அந்த அறையில் இரண்டு கண்ணாடிகளும் நாலு கதிரைகளும்தான் இருந்தன. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, மேசையில் மடிக்கணினியை வைத்தோம். ஏழு பேர் வந்திருந்தோம். மூன்று பேர் நிலத்தில் இருந்தார்கள். நான் பஸ் நிலையத்தில் காத்திருந்து கூட்டிவந்த கிண்ணியா அக்கா கறுப்பு அபாயாவோடும் குடையோடும் ஒரு எவர்சில்வர் டப்பாவோடும் வந்தார். உள்ளே வட்டிலப்பம் இருந்தது. நிகழ்ச்சி என்றால் ஏதாவது இனிப்பு கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தாராம். வைத்தியரைப் பார்க்க நம்பர் எடுத்துத் தருகிற பிள்ளைக்கு என்று மாமியாரிடம் சொல்லியிருந்தார்.

படம் சிங்களத்தில். கீழே தமிழ் எழுத்து ஓடியது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் இரண்டு பெண்கள், அவர்களில் ஒருத்தி மற்றவளுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழக்குகிறாள். அக்கா உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தார். திரையில், சைக்கிளின் பின்னால் இருந்தவள் முன்னால் இருந்தவளின் தோளில் நாடியை வைத்தபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார்.

ஷட்டரில் யாரோ அடித்தார்கள். அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரரும் அவருடைய மச்சானும் நின்றார்கள். சிநேகிதி ஷட்டரைத் தூக்கினாள்.

"பட்டப்பகல்ல ஏன் இதை இறக்கி வச்சிருக்கிற? உள்ளுக்கு என்ன நடக்குது?"

"மருதாணி வகுப்பு, அண்ணை," என்றாள் சிநேகிதி. "கொம்பியூட்டர்ல டிசைன் பாக்கிறம்."

கொழும்புப் பெண் அதற்குள் திரையை மடக்கிவிட்டாள். சொந்தக்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அக்காவிடம் வந்ததும் நிறுத்தினார். நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார். ஊரைச் சொன்னால் குடும்பத்தைக் கேட்பார். குடும்பத்தைச் சொன்னால் இருட்ட முதல் கிண்ணியாவுக்குச் செய்தி போய்விடும். அக்கா மேசையில் கிடந்த மருதாணிக் கூம்பு ஒன்றை எடுத்து நுனியை வெட்டினார்.

"கையைத் தாங்க, தங்கச்சி," என்றார் என்னிடம்.

என் உள்ளங்கையில் கோடு இழுக்கத் தொடங்கினார். கோடு நடுங்கவில்லை. ஒரு பூ, அதைச் சுற்றி இலைகள், விரல்களின் மேலே சின்னச் சின்னப் புள்ளிகள். மற்றவர்கள் குனிந்து, படிக்கிறவர்களைப் போலப் பார்த்தார்கள். சொந்தக்காரர் என் கை நிறையும் வரை வாசலிலேயே நின்றார். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போகும்போது சிநேகிதியைப் பார்த்து, "மாதம் முடிய இடத்தை விட்டிடு," என்றார்.

அதற்குமேல் படம் போட யாருக்கும் மனமில்லை. சிநேகிதி சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். யாரோ வட்டிலப்பத்தைத் திறந்தார்கள். இருந்தது ஒரே ஒரு கரண்டி. அது எல்லோருடைய கைக்கும் போய் வந்தது. என் கையில் மருதாணி காயாததால் அக்காவே எனக்கு ஊட்டிவிட்டார்.

மஃரிப் தொழுகைக்கு, பொழுது படுவதற்கு முதல் அவர் வீட்டில் நிற்க வேண்டும். பஸ் நிலையம்வரை நான் கூடப் போனேன். ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று நிலையத்தின் நடுவில் நின்று யாரோ எறிந்த தாளைத் தின்றுகொண்டிருந்தது. பஸ்கள் அதைச் சுற்றிப் போயின.

"அந்த ரெண்டு பேரும் கடைசியில என்ன ஆனாங்க?" என்று அக்கா கேட்டார்.

நானும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை என்றேன். அடுத்த கிழமை கொழும்பில் போடுகிறார்கள்தானே, போய்ப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். அன்று மாலை அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கலியாணப் பொம்பிளையின் கை மாதிரி இருக்கிறது என்று பெருமூச்சு விட்டார்.

வேலையிடத்தில் கொழும்பில் பயிற்சி என்று அம்மாவிடம் சொன்னேன். வாழ்க்கையில் முதன்முறையாகத் தனியே கொழும்புக்குப் போனேன். அரங்கம் நிறைந்திருந்தது. என் வயதுப் பெண்கள் தோளில் கை போட்டபடி உரக்கச் சிரித்துக்கொண்டு இருந்தார்கள். யாரும் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் ஓரத்துக் கதிரையில் கதவைப் பார்த்துப் பார்த்து இருந்தேன். படத்தின் முடிவில் அவர்கள் இரண்டு பேரும் தொழிற்சாலையை விட்டுவிட்டு அந்த மோட்டார் சைக்கிளிலேயே போகிறார்கள். எங்கே என்று சொல்லப்படவில்லை. சனம் கைதட்டியது. அன்றிரவு ரயில் முழுவதும் அதை அக்காவுக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

விடிய, ஊர் வந்து சேர்ந்தபோது அக்காவின் தங்கையின் இலக்கம் எங்கள் குழுவை விட்டுப் போயிருந்தது. அந்த இலக்கத்துக்குத் தனியே எழுதினேன், செய்தி போகவில்லை. கிண்ணியாவுக்குப் போய்த் தேடுவோமா என்று சிநேகிதியைக் கேட்டேன். அறையை விடுவதற்காகத் தன் கண்ணாடிகளைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தவள், நாங்கள் போய் நின்றால் அவரைக் கொன்றே போட்டுவிடுவார்கள் என்றாள்.

இரண்டு மாதம் இருக்கும், ஒரு நாள் அக்காவின் சாயலில் ஓர் இளம்பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். நம்பர் எடுக்கக் குனிந்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்:

"நம்பர் வேணாம். நான் அவட தங்கச்சி. அவட மாமி என்ட ஃபோனையும் பாத்திட்டா. இனி நீங்க ஆரும் எழுதாதீங்க."

அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"சமைக்கிறா. பிள்ளைகளப் பாக்கிறா. கதைக்கிறதுதான் இல்ல."

அவள் போகத் திரும்பினாள். நான் எழுந்து, மேசைக்கு மேலால் எட்டி அவளுடைய கையைப் பிடித்தேன். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அந்தப் படத்தில் இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள், இது மட்டும் போதும் என்றேன். அவளுடைய கண்கள் நிறைந்தன.

"ஏலாது," என்றாள். "சொன்னா திரும்ப அழத் தொடங்குவா. அழுதா ஏனெண்டு கேப்பாங்க."

என் கையை மெல்ல விலக்கிவிட்டு வெளியே போனாள். வரிசையில் அடுத்ததாக நின்ற கிழவர், வைத்தியர் வந்துவிட்டாரா என்று இரண்டாம் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.