எந்தக் காலேஜில் படித்தான் ஜோதிமணி

அபுதாபி முசஃபாவின் தொழிலாளர் கேம்ப்பில் ஜோதிமணியைத் தெரியாதவர்கள் இல்லை. ஆறு நாள் வெல்டிங், ஞாயிறு லீவில் ட்ரம்பெட். ரூமில் ஊதினால் பக்கத்து ரூம்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள் என்று, கேம்ப்புக்குப் பின்னால் கன்டெய்னர்கள் அடுக்கிக் கிடக்கும் இடத்துக்குப் போய் ஊதுவான்.

கற்றுக்கொடுத்தவர் அவனுடைய அப்பா ராமையா. திண்டுக்கல் பக்கம் பேண்டு செட் வைத்திருந்தவர். கல்யாணத்துக்கும் வாசிப்பார், ஆனால் சோறு போட்டதென்னவோ சாவு வீடுதான். பிணத்துக்கு முன்னால் ஊதிக்கொண்டே சுடுகாடு வரை நடந்த மனிதர். பள்ளிக்கூடத்தில் 'சாவு பேண்டு' என்று கூப்பிட்ட பயல்களை ஜோதிமணி இன்னும் மறக்கவில்லை. அதனால் கடல் தாண்டி வந்த பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

ஒரு நாள் போனில் ஒரு பழைய அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரைப் பார்த்தான். ஜாஸ் இசைக்கு வழி போட்டவர்களில் ஒருவராம். ட்ரம்பெட் ஊதுகிறார், சட்டென்று அதை இறக்கிவிட்டுக் கரகரத்த குரலில் பாடுகிறார், கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிறார், மறுபடி ஊதுகிறார். அடடா, அந்தச் சிரிப்பு! ஜோதிமணி கிறங்கிப் போனான். ரெண்டு வருஷம் பார்த்துப் பார்த்துப் பழகி, தமிழ்ப் பாட்டையே அந்த நடையில் ஊதிப் பாட ஆரம்பித்தான்.

சைட் இன்ஜினியர் பாஸ்கர் அதைக் கேட்டுவிட்டு, தமிழர் சங்கத்துப் பொங்கல் விழாவில் மேடை வாங்கிக் கொடுத்தார். இவனுக்குத் தலைகால் புரியவில்லை. விழாவை நேரலையில் காட்டுவார்கள் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு லிங்க் அனுப்பினான். தெருவையே கூப்பிட்டு உட்கார வைத்துப் பாருங்கள் என்று வேறு சொன்னான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

வாசித்தான், பாடினான். அரங்கமே எழுந்து கைதட்டியது. விழாவைத் தொகுத்து வழங்கிய பாஸ்கரின் மனைவி நளினி, ஜாஸைப் பற்றி நிறையப் படித்துவிட்டு வந்திருந்தார். அந்தக் கலைஞர் பிறந்த ஊரில் சாவு ஊர்வலத்துக்கும் பேண்டு வாசிப்பார்களாம், என்ன அழகான வழக்கம் என்று சொல்லிச் சபையை உருக வைத்தார். பிறகு மைக்கை இவனிடம் நீட்டினார்.

"நீங்க எங்க கத்துக்கிட்டீங்க, ஜோதிமணி?"

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி கேள்வி. எங்க அப்பாவும் அதைத்தான் செய்தார் என்று ஒரு வரி போதும். ஆனால் முன்வரிசையில் பட்டுச்சேலையும் கோட்டுமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் அந்தப் பள்ளிக்கூடப் பயல்கள் ஞாபகம்தான் வந்தது.

"மெட்ராஸ்ல மியூசிக் காலேஜ்ல படிச்சேன் மேடம்."

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன்! பொய் சொல்லவும் ஒரு யோக்கியதை வேண்டாமா? சால்வையோடு மேடையை விட்டு இறங்கும்போதுதான் லிங்க் அனுப்பியது நினைவுக்கு வந்தது. அப்பா பார்த்திருப்பார். தெருவே பார்த்திருக்கும். அவர் மடியில் உட்கார்ந்து இவன் ஊதக் கற்றதைக் கண்ணால் பார்த்த தெரு அது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது.

அன்றைக்கு அப்பாவின் போன் ரெண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் இவனே கூப்பிட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். நன்றாக ஊதினாய் என்றார். நடுவில் மூச்சு வாங்கிற்று, தண்ணீர் நிறையக் குடி என்றார். காலேஜ் பேச்சையே அவர் எடுக்கவில்லை. தெருவில் என்ன சொன்னார்கள் என்று இவன்தான் மென்று முழுங்கிக் கேட்டான்.

"கேட்டாங்கதான். நாந்தான் அவனை அப்படிச் சொல்லச் சொன்னேன்னு சொல்லிட்டேன். உன்னய யாரும் தப்பா நெனைக்கலடா, விடு."

ட்ரம்பெட்டில் பாட்டின் ஒரு முழு அடியையும் ஒரே மூச்சில் இழுக்கிறவன் ஜோதிமணி. அப்பா என்று கூப்பிட அவனுக்கு அப்போது மூச்சு வரவில்லை.