மிதக்குமா, முழுகுமா

நான் பயந்தாங்கொள்ளி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பிள்ளை தும்மினால் எனக்கு நிமோனியா ஞாபகம் வரும். கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால் பிளக் பாயிண்டில் விரலை விட்டுவிட்டாளோ என்று ஓடுவேன். நீ பிள்ளை வளர்க்கவில்லை, காவல் காக்கிறாய் என்பார் என் வீட்டுக்காரர். இருக்கட்டுமே. ரயில்வே ஆபீஸுக்குக் காலையில் போய்ப் பொழுது சாய்ந்து வருகிறவருக்கு என்ன தெரியும்?

அப்படிப்பட்ட எனக்கு வாய்த்ததோ, 'செய்து பார்' என்று சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம். தெலுங்கு பேசுகிற மல்காஜ்கிரியில் நாங்கள் குடியிருந்த தெருவிலிருந்து நடந்துபோகிற தூரம். ஒரு பழைய வீட்டை மாற்றிக் கட்டியிருந்தார்கள். உள்ளே போனால் பெஞ்சு கிடையாது, எழுத்து கிடையாது, ரைம்ஸ் மனப்பாடம் கிடையாது. மணல், களிமண், மரக்கட்டை, தண்ணீர்த் தொட்டி. நாலு வயசுப் பிள்ளைகள் முழங்கால் வரை சேறும் சகதியுமாக உட்கார்ந்திருக்கும். மிஸ் ஒரு தெலுங்குப் பெண், சின்ன வயசு. பிள்ளைகள் என்ன கேட்டாலும் நேராகப் பதில் சொல்லமாட்டாள். உனக்கு என்ன தோணுது, செய்து பாரேன் என்று திருப்பிக் கேட்பாள். பதில் தெரியாமல்தான் இப்படி மழுப்புகிறாளோ என்று முதலில் எனக்குச் சந்தேகம்.

தாம்பரத்திலிருந்து என் நாத்தனார் வீடியோ காலில் வருவாள். அவள் பையனுக்கும் என் மகள் வயசுதான். இசட் வரை எழுதுவான், ஃ வரை சொல்லுவான். போனை அவன் நோட்டுக்கு மேல் பிடித்துக் காட்டிவிட்டு, உன் மக என்ன எழுதுறா என்று கேட்பாள். என் மகள் தண்ணீரில் உருளைக்கிழங்கைப் போடுகிறாள் என்று எப்படிச் சொல்வது? தமிழே அவளுக்குப் பாதிதான் வரும். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷும் தெலுங்குமாகக் கலந்தடித்துப் பதில் வரும். இதில் நாத்தனாரிடம் எதைக் காட்ட?

ஆனால் எழுத்து வராதது எனக்குப் பெரிய கவலை இல்லை. அது இன்றைக்கு வராவிட்டால் நாளைக்கு வரும். இந்த 'செய்து பார்' எங்கே கொண்டுபோய் விடுமோ என்பதுதான் என் பயம். எதையும் செய்து பார்க்கலாம் என்று நம்புகிற பிள்ளையை எந்தக் கண்ணால் காவல் காப்பது?

அந்த வெயில் காலத்தில் வகுப்பில் ஃப்ளோட், சிங்க் ஆரம்பித்தார்கள். எது மிதக்கும், எது முழுகும் என்று பிள்ளைகளே தண்ணீரில் போட்டுக் கண்டுபிடிக்கவேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. பொருளைக் கையில் எடுத்ததும் போட்டுவிடக் கூடாது. முதலில் கெஸ் சொல்லவேண்டும். ஏன் அப்படி நினைக்கிறாய் என்று மிஸ் கேட்பாள், அதற்கும் ஏதாவது சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் போடலாம்.

வீட்டில் ஒரு வாளி மிச்சமில்லை. என் ஹேர்கிளிப், அவள் அப்பாவின் பேனா, பூஜை மணி, கடைசியில் டிவி ரிமோட். ரிமோட்டுக்கு முதுகில் ஒன்று வைத்தேன். ஒருநாள் ஆரஞ்சுப் பழத்தைப் போட்டாள், மிதந்தது. உரித்துக் கொடு என்று கேட்டு வாங்கி மறுபடி போட்டாள், கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. இத்தனை வருஷமாக ஆரஞ்சைத் தின்றிருக்கிறேன், எனக்கு இது தெரியாது. தோல் கழன்றால் கனம் குறையத்தானே செய்கிறது, பின்னே எப்படி முழுகும்? அடுப்பில் சாம்பார் பொங்குவதை மறந்து நானும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மறுநாளே பயம் திரும்பி வந்துவிட்டது. எங்கள் வீட்டு வாசலில், கேட்டை ஒட்டித் தரைக்கடியில், சம்ப் இருந்தது. தண்ணீர் பிடித்துவைக்கிற தொட்டி, ஆள் இறங்குகிற ஆழம். பள்ளிக்குப் போய் மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். பக்கத்தில் பெரியவர்கள் இல்லாமல் தண்ணீரில் விளையாட விடாதீர்கள், மூடியை எப்போதும் மூடிவையுங்கள் என்றாள். நியாயமான பேச்சுதான். இரும்பு மூடி, எனக்கே தூக்க மூச்சு வாங்கும். பிள்ளையால் அசைக்கக்கூட முடியாது. ஆனாலும் வாசலுக்குப் போகும்போதெல்லாம் அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொள்வேன்.

அது ஒரு சனிக்கிழமை. பள்ளி லீவு, அவருக்கு டியூட்டி. குழாயில் தண்ணீர் வராததால் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரு டேங்கர் வந்தது, பாதி இங்கே, பாதி அங்கே. கீழ் வீட்டுத் தெலுங்குப் பெண், தன் பாப்பா தூங்கும் நேரத்தில் துணி காயப்போட்டு வந்துவிடலாம் என்று கதவை வெறுமனே சாத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். பாப்பா அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது. டேங்கரைப் பார்த்துக்கொள்ளவேண்டியவள் நான். மகளை மாடிப்படியில் உட்காரவைத்துவிட்டு, சம்ப்புக்குள் தண்ணீர் விடுகிற டியூபின் பக்கத்திலேயே நின்றேன்.

நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. வாசலில் டேங்கர் மோட்டார் போடுகிற கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் மாடி வீட்டுக்குள் போய்ப் பேசினேன். அவள் பையனுக்கு ஏதோ பெரிய பள்ளியில் இடம் கிடைத்துவிட்டதாம். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே? அங்கே என்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று நின்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்தபோது டேங்கர் பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. எங்கள் சம்ப் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. நான் மூடுவேன் என்று அந்த டிரைவர் நினைத்திருக்கிறார், அவர் மூடுவார் என்று நான் நினைத்திருக்கிறேன். படியில் மகள் இல்லை. குனிந்து பார்த்தேன். தண்ணீரில் அவளுடைய ஒற்றைச் செருப்பு மிதந்துகொண்டிருந்தது.

பேரைச் சொல்லிக் கத்தினேன். பக்கத்து வீட்டு மோட்டார் கூச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்குப் பிறகு யோசிக்கவில்லை. சுவரில் பதித்திருந்த கம்பிகளைப் பிடித்து, போட்டிருந்த நைட்டியோடு உள்ளே இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் மார்பு வரை வந்து நின்றது.

வெளியிலிருந்து பார்த்தால் வாய் மட்டும்தான் தெரியும். உள்ளே அந்தத் தொட்டி போர்டிகோவுக்கு அடியில் நீண்டு போகிறது, ஒரே இருட்டு. காலால் துழாவிக்கொண்டே போனேன். காலில் ஒரு ஸ்பூன் தட்டியது. பிறகு டிபன் டப்பா. கடைசி மூலையில் காலடியில் மெத்தென்று துணி பட்டது. மூச்சைப் பிடித்துக் குனிந்து கையை விட்டேன். கையில் முடி சிக்கியது.

அந்த நொடியில் என் உயிர் என்னிடம் இல்லை. இழுத்து மேலே தூக்கினேன். அவளுடைய துணிப்பொம்மை. கம்பளி நூலில் தலைமுடி வைத்துத் தைத்த பொம்மை, ஊறிப் பாறாங்கல்லாய்க் கனத்தது. பொம்மையை இங்கே போட்டவள் எங்கே என்று மறுபடி துழாவத் தொடங்கினேன். அப்போது தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்த கொஞ்ச வெளிச்சமும் மங்கியது. திரும்பிப் பார்த்தேன்.

வாயில் இரண்டு தலை தெரிந்தது. ஒன்று என் மகள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் ஆடி ஆடி நின்றது கீழ் வீட்டுப் பாப்பா.

"அம்மா, பாப்பா ஃப்ளோட்டா, சிங்க்கா?"

நான் அந்தக் கடைசி மூலையில் நிற்கிறேன். தண்ணீருக்குள் ஓட முடியாது. கத்தினால் பயந்து கையை விட்டுவிடுவாள். அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. சாதம் ஊட்டுகிற மாதிரி மெதுவாகக் கேட்டேன்.

"போடறதுக்கு முன்னாடி கெஸ் சொல்லணும்லா?"

அவள் நின்றுவிட்டாள். தலையைச் சாய்த்து யோசித்தாள். நான் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தேன். பாப்பா கீழே தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக் குனிந்தது.

"ஃபர்ஸ்ட் ஃப்ளோட், அப்புறம் சிங்க். டால் மாதிரி."

"ஏன் அப்படி நினைக்கே?"

"பாப்பா டிரஸ் போட்டிருக்கு. டிரஸ்லே தண்ணி போயிடும்."

அதற்குள் வாய்க்கு நேர் கீழே வந்துவிட்டேன். இரண்டு கையையும் மேலே நீட்டி, ஒரு கையில் பாப்பாவின் கணுக்காலையும் மறு கையில் என் மகளின் கணுக்காலையும் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகுதான் தெரிந்தது, இனி என்னால் ஏற முடியாது. ஏறவேண்டுமென்றால் ஏதாவது ஒரு காலை விடவேண்டும். எந்தக் காலை விட? அப்படியே நின்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து மோட்டார் நிற்கிற வரைக்கும் யாருக்கும் கேட்கவில்லை. கை மரத்துப்போய், பிடித்திருக்கிறேனா இல்லையா என்றுகூடத் தெரியாமல்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பாப்பாவின் அம்மா ஓடிவந்தாள். தரையிலிருந்து நீண்ட ஒரு கை தன் பிள்ளையின் காலைப் பிடித்திருப்பதைப் பார்த்து அவள் போட்ட அலறல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். பாப்பாவை வாரி எடுத்துக்கொண்டாள். நான் ஏறி வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள், என் மகளை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

மகளை அடிக்கக் கையை ஓங்கினேன். அப்போதுதான் அவள் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தேன். பாப்பாவின் மஞ்சள் துண்டு. இது எதற்கு என்று கேட்டேன்.

"பாப்பாவைத் துடைக்க" என்றாள்.

தண்ணீரில் எதைப் போட்டாலும் எடுத்து, துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிடவேண்டும், அது மிஸ்ஸின் ரூலாம். அதனால் பாப்பாவை எழுப்பும்போதே துண்டையும் எடுத்துக்கொண்டு வந்தாளாம். துடைத்து ஆன்ட்டியிடம் கொடுத்துவிடலாம் என்று இருந்தாளாம்.

ஓங்கின கை தானாக இறங்கிவிட்டது. அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவள் தாத்தா போனபோதுகூட, சாமியிடம் போயிருக்கிறார் என்று சொல்லி மூடிவைத்தவள் நான். இனி மூடிவைத்தால் ஆகாது. நேராகவே சொன்னேன். பாப்பா பொம்மை இல்லை. தண்ணீருக்குள் போனால் பாப்பாவால் மூச்சு விட முடியாது. அப்புறம் எடுத்தாலும், துடைத்தாலும் பாப்பா முழிக்காது. செத்துப்போய்விடும். திரும்ப வராது.

விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துண்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். கீழ் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். பாப்பாவைக் காட்டுங்கள், ஆன்ட்டி, ஒரே ஒரு தடவை காட்டுங்கள் என்று தெலுங்கில் கெஞ்சிக் கெஞ்சித் தட்டினாள். நான் பின்னால் போய் நின்றேன். எனக்கு அவளைத் தடுக்கத் தோன்றவில்லை.

வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. இடுப்பில் பாப்பாவோடு அந்தப் பெண் நின்றாள், அழுது அவள் கண் சிவந்திருந்தது. என் மகளைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாளோ, கொஞ்சம் குனிந்தாள். மகள் எம்பிப் பாப்பாவின் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள். கவுனைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் காஞ்சுதான் இருக்கும்மா" என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.